சங்கண்ணனும் சோளக்குருவிகளும்

இந்தப் பூமியில் ஒரு ரகசியம்கூட இல்லாமல் வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் சங்கண்ணன்தான். ஒளிவுமறைவு தெரியாத மனசு என்று நினைத்துவிடாதீர்கள். எல்லோரையும் போல அவருக்குள்ளும் நாலு ரகசியங்கள் இருந்திருக்கும். அவற்றைச் சொல்லத் தோதான குரல்தான் அவரிடம் இல்லை. ஒருவர் காதில் அவர் எதையாவது கிசுகிசுத்தால், எதிர்ச்சாரியில் நடந்து போகிறவர் நின்று, "சரிங்கண்ணா" என்று பதில் சொல்லிவிட்டுப் போவார்.

கோயமுத்தூரில் மில் சைரனுக்குச் சங்கு என்று பெயர். சங்கு ஊதினால் ஷிப்ட் மாறும், வீடுகளில் உலை வைப்பார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் சட்டையைத் தேடுவார்கள். பீளமேட்டில் நான் டைப்பிஸ்டாக இருந்த நூல் மில்லில், ஸ்பின்னிங் பிரிவுக்கு அண்ணன் மேஸ்திரி. ஒருநாள் கேட்டருகே நின்று அவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட, எதிர் டீக்கடையில் இருந்தவர்கள் குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஷிப்டுக்கு ஓடினார்களாம். அன்றிலிருந்து அவர் சங்கண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அண்ணனுடைய மச்சினன் கல்யாணத்தில் ஒரு சம்பவம். தாலி கட்டி முடிந்து மேளம் ஓய்ந்த அந்த ஒரு நொடியைப் பார்த்து, அண்ணன் தன் மனைவி பக்கம் குனிந்து ரகசியமாக, "சாம்பார்ல உப்புப் பத்தாதுங்கறாங்க. வெளிய சொல்லிப்போடாதே அம்மணி" என்றார். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் இலை போட்டதுமே உப்பு கேட்டார்கள். மில் போனில் அவர் திருப்பூருக்குப் பேசும்போது, "போனைக் கீழ வெச்சுட்டே பேசுங்கண்ணா, அங்க கேக்கும்" என்று நாங்களே சொல்லியிருக்கிறோம்.

இப்படிப்பட்டவர் எங்களோடு பறவை பார்க்க வந்தார். பறவை பார்ப்பதற்கு என்ன தேவை என்று உங்களுக்கே தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில், மார்கழி, தை மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாங்கள் மூன்று பேர் காரில் கிளம்பிவிடுவோம். தலைவர் சேவியர். பேங்க் ஆபீசர். சிங்கப்பூர் மாமா வாங்கிக் கொடுத்த பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டால் அவர் ஆளே மாறிப்போவார். பேசக் கூடாது, இருமக் கூடாது, கார்க் கதவை அறையக் கூடாது, பளபளவென்று உடுத்தக் கூடாது. அடுத்தவர் ராஜாமணி. லேத் பட்டறைக்காரர். அவருடைய அம்பாசிடரில்தான் போவோம். ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தியதும் அவர் தூங்கிவிடுவதால், சேவியரின் சட்டங்களை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்த ஒரே ஆளும் அவர்தான். மூன்றாவது நான்.

ஒரு சாயங்காலம் பேக்கரி வாசலில் சேவியர் பைனாகுலரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து நின்றார்.

"ஏனுங்க, இதுல என்னத்தைப் பாப்பீங்க?"

எதிர் வேப்பமரத்தில் அடைந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

"பறவை பாப்போமுங்கண்ணா."

"அப்படீங்களா! எனக்கும் பறவைன்னா உசுருங்க. வர்ற ஞாயித்துக்கெழமை நானும் வாரேன்."

சேவியர் என்னைப் பார்த்தார். நான் ராஜாமணியைப் பார்த்தேன். எங்கள் ஊர் மரியாதையில் ஒரு கஷ்டம் உண்டு. 'வராதீங்க' என்று சொல்ல நினைத்து வாயைத் திறந்தாலும் 'வாங்க' என்றுதான் வரும். சேவியருக்கும் அதுதான் வந்தது. அண்ணன் போனபிறகு ராஜாமணி, "காருக்குள்ள ஒரு சங்கைத் தூக்கி வெச்சுட்டுப் போறோம், பாத்துக்கங்க" என்றார்.

ஞாயிறு விடிகாலை. நல்ல பனி. அவிநாசி ரோட்டில் எதிரே வரும் லாரிக்கு விளக்கு மட்டும்தான் தெரிகிறது. அண்ணன் வீட்டு வாசலில் தயாராக நின்றார். இலைக் கலரில் உடுத்திக்கொண்டு வரும்படி சேவியர் சொல்லியிருந்தார். குரங்குக் குல்லாயோடு அண்ணன் போட்டிருந்தது கிளிப்பச்சை ஸ்வெட்டர். இருட்டிலேயே கண் கூசியது.

"இலைக் கலர்னு சொன்னனுங்களே" என்றார் சேவியர், ஸ்வெட்டரைத் தொட்டுக் காட்டி.

"இலைதானுங்க. தளிர் இலை."

அவிநாசிக்குச் சற்றுத் தள்ளி ஒரு குளம். கரை மேல் ஊர்ந்து போய் எட்டிப் பார்த்தோம். பனிக்கு நடுவே தண்ணீர் முழுக்க வாத்துகள். வடக்கிலிருந்து வந்த ஊசிவால் வாத்துகள். ஒன்றும் அசையவில்லை. சேவியர் உதட்டில் விரல் வைத்து அண்ணனைப் பார்த்தார். அண்ணனும் தன் உதட்டில் விரல் வைத்துப் பலமாகத் தலையாட்டினார். செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக் கட்டி, பூனைபோல நடந்து கரைமேல் ஏறினார். அதுவரைக்கும் அவரைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. குளத்தைப் பார்த்தார்.

"அடேங்கப்பா!"

அடுத்த நிமிடம் குளத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது.

"ஏனுங்க, அத்தனையும் எங்க போகுதுங்க?"

"அவிநாசி பஸ் ஸ்டாண்டுக்கு" என்றார் சேவியர். அழுதுவிடுவார் போலிருந்தது.

குளத்தில் மிச்சமிருந்தவை, எதற்கும் அசையாத சில பறவைகள். அண்ணனுக்கு அவற்றின் பெயர்கள் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் அவசரப்படவில்லை. அவரிடம் வேறு பெயர்கள் இருந்தன. ஓரத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்ற சாம்பல் நாரையைக் காட்டி, "அதா நம்ம டைம்கீப்பர். எவன் லேட்டா வர்றான்னு நிக்கறாரு பாருங்க" என்றார். நெற்றியில் வெள்ளைப் பட்டையோடு நீந்திய நாமக்கோழி, ஹெட்கிளார்க். ஆளைக் கண்டதும் முங்கி, எங்கேயோ போய் எழுகிற முக்குளிப்பான், வேலை நேரத்தில் காணாமல் போகும் மெக்கானிக். சிவந்த நீளக் கால்களைச் சேற்றில் படுமோ படாதோ என்று தூக்கித் தூக்கி வைத்த உள்ளானைக் கண்டதும் அண்ணன் கும்பிட்டே விட்டார். "லேபர் ஆபீசருங்க!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சேவியர் சிரிக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். பைனாகுலர் மட்டும் குலுங்கியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாரையை அவர் பார்த்த மாதிரி நாங்கள் ஒரு பறவையையும் பார்த்ததில்லை. பெயரைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவதுதான் எங்கள் வழக்கம். அவர் அங்கேயே நின்றுவிட்டார். நாரை ஓர் அடி எடுத்து வைக்க எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க, இவரும் மூச்சுவிடாமல் நின்றார். அது காலை ஊன்றியபிறகுதான் இவர் மூச்சை விட்டார்.

அவிநாசியிலிருந்து அன்னூர் போகிற சின்ன ரோடுகளில் வண்டி போனது. வழியில் முள்வேலி போட்ட ஒரு மேய்ச்சல் காட்டருகே சேவியர் நிறுத்தச் சொன்னார். பனி விலகி இளவெயில் வந்திருந்தது. வானம்பாடி ஒன்று தரையிலிருந்து எழுந்து, பாடிக்கொண்டே மேலே மேலே போனது. ஆள் புள்ளியாகி மறைந்தபிறகும் பாட்டு மட்டும் மேலிருந்து கொட்டியது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். ராஜாமணிகூட விழித்துக்கொண்டார்.

கண்ணைத் திறந்தால், அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்னத்துக்குங்க கண்ணை மூடிட்டு நிக்கறீங்க? சாமி கும்பிடறீங்களா?"

"பாட்டுங்கண்ணா. மேல அந்தக் குருவி பாடுதே" என்றேன்.

"குருவி பாடுதுங்களா?" அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு சாதாரணமாக, மழை பெய்யவில்லை என்று சொல்கிற மாதிரி சொன்னார். "எனக்கு இந்தச் சன்னச் சத்தமெல்லாம் வராதுங்க. நூல் சுத்தற ரிங் ஃப்ரேம் இரைச்சல்ல நின்னு நின்னு காது போயிருச்சு. மனுசங்க பேசுனா வாயைப் பாத்துப் புடிச்சுக்குவேன். இதுகளுக்கு வாயே தெரிய மாட்டீங்குதே."

அவர் சத்தமாகப் பேசுவது பழக்க தோஷம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தோம். மில்லில் எல்லோருமே கொஞ்சம் சத்தம்தான்.

"அப்புறம் எப்படிங்கண்ணா பறவைன்னா உசுருன்னு சொன்னீங்க?" என்று கேட்டார் சேவியர், வாய் நன்றாகத் தெரியும்படி எதிரே வந்து நின்று.

"அதுக்கோசரம்தானுங்க. டிப்பார்ட்மெண்டுல ஒரு சக்கரம் சுத்தோணும்னா என்ன சத்தம் போடுது! இதுக பாருங்க, இத்தனை பெரிய ஆகாசத்துல பறக்குது, திரும்புது, எறங்குது. சத்தமே இல்லை. இப்படி ஒரு மெஷினை எவன் செஞ்சான்னு பாத்துட்டே இருப்பனுங்க."

சின்ன வயசிலேயே மில்லுக்கு வந்தவர், பறவைகள் ஊமை இல்லை என்பதையே மறந்துவிட்டிருந்தார். மேலே வானம்பாடி விடாமல் பாடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு சேவியர் உதட்டில் விரல் வைக்கவே இல்லை.

அன்னூரைத் தாண்டி ஒரு புளியமரத்தடியில், அண்ணன் வீட்டிலிருந்து வந்த அரிசியும்பருப்புச் சோற்றைச் சாப்பிட்டோம். வெயில் சாய்ந்தபிறகு காரமடைப் பக்கம் வண்டியை விட்டோம். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். சோளக்காடு ஒன்றைக் கண்டதும், "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று சேவியர் கூவினார்.

கருது முற்றி அறுப்புக்குத் தயாராக நின்ற காடு. கருதுக்கு ஒரு குருவி. தலையும் சிறகும் கறுப்பு, உடம்பு மட்டும் ரோஜா நிறம். சோளக்குருவிகள். கணக்கு வழக்கில்லாமல் இருந்தன. சோளத்தட்டு அத்தனையும் பாரம் தாங்காமல் வளைந்து ஆடிக்கொண்டிருந்தது.

காட்டுக்கு நடுவில் ஒரு பரண். அதன்மேல் ஒரு பெண், கையில் தகர டின்னும் குச்சியுமாக. எங்களைப் பார்த்ததும் இறங்கி வேகமாக வந்தாள். கோபத்தில் கத்தப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"நீங்க குருவி பாக்கறவங்களா? பாத்தாப் போதாது, காருல ஏத்திக் கூட்டிட்டுப் போங்க" என்று அந்தக் காற்றிலேயே சொன்னாள்.

"என்னுங்?" என்றார் அண்ணன். தூசிக்கு அவள் முந்தானையை மூக்கு வரை சுற்றியிருந்ததால், வாயைப் பார்த்துப் பிடிக்கவும் அவருக்கு வழியில்லை.

"மூணு நாளா வெரட்டி வெரட்டித் தொண்டை போயிருச்சுங்க."

"என்னுங் அம்மணி?"

ரகசியக் குரலைத் தவிர வேறு குரலில்லாத பெண்ணுக்கும், ரகசியமே காதில் விழாத மனிதருக்கும் நடுவில் நின்று, அவள் சொன்னதை நான் அண்ணனுக்குக் கத்திச் சொன்னேன்.

"அப்படீங்களா!" என்றார் அண்ணன்.

வரப்போரத்துக் குருவிகள் கொத்தாக எழுந்து, தள்ளிப் போய் உட்கார்ந்தன. அந்தப் பெண் அப்படியே நின்றுவிட்டாள். தேரில் சாமி வரும்போது பார்ப்பார்களே, அப்படி அண்ணனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனுங்க, இவரைப் பொழுது சாயற வரைக்கும் உட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டாள்.

சேவியர் பதறிவிட்டார். "இதுக பூச்சியும் திங்குமுங்க. வெவசாயத்துக்கு நல்லதுதானுங்க."

"அந்தப் பூச்சி எங்க இருக்குதுன்னு காட்டுங்க, நானே புடிச்சுத் தாரேன். சோளத்தை உடச் சொல்லுங்க." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது. "நாளைக்குக் காலைல அறுக்க ஆளு வருதுங்க. அதுக்குள்ள முடிச்சுப்போடும் போல இருக்குது. எங்கூட்டுக்காரரு கால் ஒடஞ்சு கட்டில்ல கெடக்கறாரு. இந்தச் சோளந்தானுங்க எங்களுக்கு வருசத்துக்கும் சோறு."

இதையும் நான் அண்ணனுக்குச் சொன்னேன். அவர் காட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவ்வளவு பறவைகள் அவருக்கு முன்னால் பறந்து ஓடாமல் உட்கார்ந்திருக்கின்றன. பசி அவற்றுக்கு. அவற்றை விரட்டச் சொல்கிறார்கள்.

"சேவியர், இதுக எந்த ஊருங்க?"

"ரொம்பத் தூரமுங்கண்ணா. இமயமலைக்கு அக்கட்டால. பனி கொட்டற சீமை."

"அத்தனை தூரமா வந்துருக்குதுக..."

அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "ஏனுங்க அம்மணி, கெணத்தோரத்துல ஒரு துண்டு நிக்குதே, கருதெல்லாம் சோடையா. அதை அதுகளுக்கு உட்டுப்போடறீங்களா? பாக்கிக்கு நான் ஆச்சு."

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். குருவிகளைப் பார்த்தாள். மூன்று நாள் கோபத்தை விழுங்க அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

"அதுல பாதி ஏற்கனவே போயிருச்சு. தின்னுட்டுப் போகட்டும். ஒரம்பரையாட்ட வந்து எறங்கியிருக்குதுக, என்ன பண்றது" என்றாள்.

விருந்தாளி என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. இதையும் அண்ணனுக்குக் கத்திச் சொன்னேன்.

அண்ணன் பரண்மேல் ஏறினார். நானும் கூட ஏறினேன். குரங்குக் குல்லாயைக் கழற்றிக் கீழே நின்ற ராஜாமணியிடம் போட்டார். வேட்டியை இறுக்கிக் கட்டினார். "கோவிச்சுக்காதீங்க சேவியர்" என்றார். மூச்சை இழுத்தார். கிளிப்பச்சை ஸ்வெட்டர் உப்பிக்கொண்டே போனது.

"ஏனுங்கோ...! ஷிப்ட்டு முடிஞ்சுதுங்கோ...! அல்லாரும் எந்திரிங்கோ...!"

குருவிக்குக்கூட மரியாதை குறையாமல்தான் கூப்பிட்டார்.

காடு எழுந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். குருவிகள் பறந்தன என்று சொன்னால் அது சின்ன விஷயம் போலாகிவிடும். சோளக்காட்டை யாரோ ஒரு ஓரத்தில் பிடித்துப் போர்வையைப் போல உதறித் தூக்கினார்கள். வானத்தில் அது ஒரு மலையானது. மலை உருகி ஆறானது. ஆறு சட்டென்று மடிந்து திரும்பியபோது, சாய்ந்த வெயில் பட்டு அத்தனை உடம்பும் ஒரே சமயத்தில் ரோஜா நிறமாக மின்னி, மறுபடி கறுத்தது. ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. எது முதலில் திரும்பியது, எது யாரைப் பார்த்துத் திரும்பியது, ஒன்றும் தெரியவில்லை. சேவியர் பைனாகுலரைக் கண்ணுக்கு வைக்கவே மறந்து, வாயைத் திறந்தபடி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக அவற்றைச் சபித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் டின்னைக் கீழே வைத்துவிட்டாள்.

அந்தக் கூட்டம் வட்டமடித்து நேராகப் பரணைப் பார்த்து வந்தது. என் தலை தானாகக் குனிந்தது. அண்ணன் குனியவில்லை. எங்கள் தலைக்கு ஒரு கை உயரத்தில் வானம் இருண்டு, அத்தனை சிறகுகளும் ஒன்றாகக் கடந்தன. தூரத்து மழை தென்னந்தோப்பின்மேல் இறங்கி வருமே, அந்த இரைச்சல். பரண் கால்கள் அதிர்ந்தன. சட்டை படபடத்தது.

கடந்துபோனதும் அண்ணனைப் பார்த்தேன். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ஏதோ சொன்னார். என் காதில் விழவில்லை. சங்கண்ணன் சொல்லி எனக்குக் கேட்காமல் போனது அன்று ஒருநாள்தான்.

"என்னங்கண்ணா?" என்று குனிந்தேன்.

"கேக்குது கண்ணு" என்று அவர் கிசுகிசுத்தார். "ரெக்கைச் சத்தம். எனக்குக் கேக்குது."

குருவிகள் ஒழுங்காகக் கிணற்றோரத் துண்டில் போய் இறங்கின என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி அங்கே இறங்கின. பாதி, திருட்டுத்தனமாக நடுக்காட்டுக்கே திரும்பி வந்தன. "உங்களைத்தானுங்க! அக்கட்டால போங்கோ!" என்று அண்ணன் பொழுது சாயும்வரை அவற்றோடு மல்லுக்கட்டினார். ஒவ்வொரு தடவையும் வானம் எழுந்தது, மடிந்தது, பரணைக் கடந்து இரைந்தது. எங்களில் ஒருவரும் போகலாம் என்று சொல்லவில்லை. கடைசியில் வெளிச்சம் மங்கி, குருவிகள் வேலமரங்களில் அடைய, அந்தப் பெண் கருப்பட்டிக் காப்பி போட்டு வந்து அண்ணனுக்குத்தான் முதலில் கொடுத்தாள். பெரும்பகுதிக் கருது தப்பியிருந்தது.

திரும்பும்போது அண்ணன் பின்சீட்டில் சேவியருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்னூர் வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க சேவியர், அதுக ரெக்கைச் சத்தம் கேட்டுப்போட்டேன். வாயால எப்படிங்க கத்தும்?"

சேவியர் பேங்கில் யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி மடியில் வைத்தார். அண்ணனின் காதருகே வாயைக் கொண்டுபோய்க் கையைக் குவித்துக்கொண்டு, தன் பலம் முழுக்கத் திரட்டி, "கிச்சு கிச்சு கிர்ர்ர்" என்று கத்தினார்.

அண்ணனின் முகம் மலர்ந்தது. "அப்படீங்களா! அப்ப அந்த டைம்கீப்பரு? காலைல மேல ஏறிப் போச்சே, அந்தப் பாட்டுக்காரி?"

சேவியர் நாரையாகக் கரகரத்தார். வானம்பாடியாகப் பாடினார். வாத்தானார், உள்ளானானார், தனக்குத் தெரிந்த அத்தனை பறவையுமானார். கோவில்பாளையம் தாண்டி, சரவணம்பட்டி விளக்குகள் தெரிந்தபிறகும் அவர் நிறுத்தவில்லை. எப்போதும் வீடு திரும்பும் அவசரத்தில் பறக்கிற ராஜாமணி, அன்றைக்கு வண்டியை மிக மெதுவாகத்தான் ஓட்டினார்.